பழைய கணினிக்குத் தாய்ப்பலகையும் நினைவகமும்: ஒரு வகுப்பறை அனுபவம்

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடைப்பட்ட ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். கணினி எனக்குப் பாடமல்ல. ஆனால் எங்கள் பள்ளியில் ஒரு மூலையில் மூன்று கணினிகள் இருந்தன. முன்னாள் மாணவர் ஒருவர் தம் அலுவலகத்தில் கழித்தவற்றைக் கொண்டுவந்து கொடுத்தவை. அவற்றுள் இரண்டு ஒரே மாதிரியானவை. மூன்றாவது அவற்றைவிடப் பழையது. "கணக்கு டீச்சர்தானே, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலைமையாசிரியர் சாவியை என்னிடம் தந்துவிட்டார்.

ஒன்பதாம் வகுப்பில் 34 பேர். ஒரு கணினிக்குப் பதினொருவர், பன்னிருவர் என்று நின்றார்கள். முன்வரிசையில் நிற்கும் நான்கு பேர் தட்டுவார்கள். மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோஹோ நிறுவனம் இயங்குவது எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அந்த வழியாகப் பேருந்தில் போகிறவர்களும் உண்டு. ஆனால் ஒன்பதாம் வகுப்பு வரை விசைப்பலகையில் ஒரு முறைகூடக் கைவைக்காத பிள்ளைக்கு அந்தக் கட்டடம் பக்கத்தில் இருந்தால் என்ன, தொலைவில் இருந்தால் என்ன?

சென்ற சாரல் பருவத்தில், ஜூன் மாதம் பள்ளி திறந்த சில நாள்களில், ஒரே மாதிரியான இரண்டில் ஒன்று நின்றுபோனது. மின்விசிறி சுற்றியது. திரையில் எதுவும் வரவில்லை. 'பீப், பீப்' என்று விட்டுவிட்டு ஒலித்தது. அதைச் சரிசெய்யப் புறப்பட்டதில் ஒரு தவறு செய்தேன், கொஞ்சம் பணத்தை இழந்தேன், பிறகு மாணவர்களோடு சேர்ந்து முறையாகக் கற்றுக்கொண்டேன். இதே போன்ற பழைய கணினி உங்கள் பள்ளியிலும் இருக்கலாம். நான் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம் என்றே இதை எழுதுகிறேன்.

நான் செய்த தவறு

தெரிந்தவர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். "பீப் சத்தம் வருதா? அப்ப ரேம் போயிருக்கும்" என்றார். பெட்டியைத் திறந்து பார்க்காமலே, அன்று இரவே இணையத்தில் தேடினேன். 'டிடிஆர்3, 8 ஜிபி' என்று ஒன்று மற்றவற்றைவிடப் பாதி விலைக்குக் கிடைத்தது. 900 ரூபாய். என் கைக்காசுதான். நல்ல வாய்ப்பு என்று வாங்கிவிட்டேன்.

ரேம் வந்தது. செருகுவாயில் அழகாகப் பொருந்தியது. பொத்தானை அழுத்தினேன். அதே இருட்டுத் திரை. பக்கத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரட்டைக் கணினியில் அதைப் போட்டேன். அதுவும் நின்றுவிட்டது! பதறிப்போய் அதன் பழைய ரேமைத் திரும்ப வைத்த பிறகுதான் உயிர் வந்தது. விற்றவர் திரும்பப் பெற மறுத்துவிட்டார்.

மறுநாள் அந்த ரேமை வகுப்பில் மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் கணினியின் பழைய 2 ஜிபி ரேமையும் வைத்தேன். "இரண்டுக்கும் என்ன வேறுபாடு? பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன். நிறம், ஒட்டியிருக்கும் தாள், எழுத்து என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எப்போதும் கடைசியில் நின்று எட்டிப் பார்க்கும் மாணவி ஒருத்தி இரண்டையும் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டீச்சர், பழசுல எட்டு கறுப்புக் கட்டை இருக்கு. புதுசுல ஒரு பக்கம் மட்டும் ஒன்பது இருக்கு. நடுவுல வேற மாதிரி ஒண்ணு இருக்கு" என்றாள்.

அந்த ஒன்பதில்தான் விடை இருந்தது. நம் மேசைக் கணினி ஒரே நேரத்தில் 64 பிட் தரவை நினைவகத்திலிருந்து எடுக்கிறது. அந்த ரேமில் ஒவ்வொரு சில்லும் 8 பிட் தருவது. எட்டுச் சில்லுகள், 8 × 8 = 64. ஒன்பதாவது சில்லு இருந்தால் 9 × 8 = 72. கூடுதலான 8 பிட் பிழை கண்டறிவதற்கானது. அத்தகைய ரேம் சர்வர் எனப்படும் பெரிய கணினிகளுக்கு உரியது. நடுவிலிருந்த தனிச்சில்லு, கட்டளைகளை வாங்கிப் பிரித்து அனுப்பும் 'ரெஜிஸ்டர்'. நம்முடைய சாதாரண மேசைக் கணினிக்கு அந்த முறை புரியாது. செருகுவாய் ஒன்றே, பின்களும் 240தான், ஆனாலும் ஓடாது. பெரிய நிறுவனங்கள் சர்வர்களைக் கழிக்கும்போது இவை மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. பாதி விலைக்குக் காரணம் அதுதான்.

முதலில் நோயைக் கண்டறிவோம்

என் தவறு இரண்டு. பொருளைப் படிக்காமல் வாங்கியது ஒன்று. பழுது ரேமில்தான் என்று சோதிக்காமலே நம்பியது மற்றொன்று. அறிவியல் பாடத்தில் சொல்வோமே, ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்ற வேண்டும் என்று. அதையே இங்கும் செய்தோம். ஒரே மாதிரியான கணினி இரண்டு இருந்தது எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

நின்றுபோன கணினியின் ரேமை எடுத்து ஓடும் கணினியில் போட்டோம். ஓடியது. ஆகவே ரேம் நன்றாக இருக்கிறது. அதை அங்கிருந்து எடுத்துவிட்டு, மின்வழங்கியை, அதாவது எஸ்எம்பிஎஸ் பெட்டியை, மாற்றிப் பார்த்தோம். அதுவும் நன்று. கடைசியாகச் செயலியை மாற்றினோம். அதுவும் ஓடியது. மிச்சம் இருந்தது தாய்ப்பலகை. டார்ச் அடித்துப் பார்த்தபோது ரேம் செருகுவாயின் அருகே பச்சை பூத்திருந்தது. அந்தக் கணினி சன்னலை ஒட்டி இருந்தது. எங்கள் ஊரில் ஜூன் தொடங்கினால் காற்றோடு சாரல் உள்ளே வரும். அருவியில் தண்ணீர் விழுகிறது என்று ஊரே மகிழும்போது, சன்னலோரக் கணினிக்கு அது துருக்காலம்.

இத்தனை மாற்றங்களும் மின்கம்பியைச் சுவரிலிருந்து கழற்றிய பிறகே செய்யப்பட்டன. எஸ்எம்பிஎஸ் பெட்டியின் உறையைத் திறக்கவே கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். இதை மாணவர்களுக்கு முதல் விதியாகச் சொன்னேன்.

எதிலிருந்து தொடங்குவது?

கடைக்குப் போய் "மலிவா ஒரு மதர்போர்டு கொடுங்க" என்று கேட்பது, காலளவு சொல்லாமல் செருப்புக் கேட்பது போன்றது. கையில் ஏற்கெனவே நல்ல நிலையில் உள்ள விலையுயர்ந்த பொருள் எது? செயலி. செயலிக்கு ஏற்ற பலகை, பலகைக்கு ஏற்ற ரேம் என்பதே வரிசை. இதை மாற்றிப்போட்டால் பணம் வீணாகும்.

எங்கள் செயலியின் மேலுள்ள தெர்மல் பேஸ்டைத் துணியால் துடைத்ததும் எழுத்துகள் தெரிந்தன. இன்டெல் கோர் ஐ3-2100. 2011ஆம் ஆண்டில் வந்தது. 2100 என்ற எண்ணில் முதல் இலக்கமான 2, இரண்டாம் தலைமுறையைக் குறிக்கிறது. அது உட்காரும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1155. அதிலுள்ள தொடுமுனைகளின் எண்ணிக்கையே 1155. மாணவர்களுக்கு இது வியப்பாக இருந்தது. ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கம்பிகள்!

நம் பள்ளிகளில் பொதுவாகக் காணப்படும் பழைய இன்டெல் கணினிகளுக்கு, கரும்பலகையில் எழுதிப்போட்ட பட்டியல் இது:

எல்ஜிஏ 775 (கோர் 2 டுவோ, டூயல் கோர் செயலிகள்): ஜி31 வகைப் பலகை என்றால் டிடிஆர்2, அதிகபட்சம் 4 ஜிபி. ஜி41 வகை என்றால் பலகையைப் பொறுத்து டிடிஆர்2 அல்லது டிடிஆர்3, அதிகபட்சம் 8 ஜிபி.

எல்ஜிஏ 1155 (இரண்டாம், மூன்றாம் தலைமுறை): எச்61 வகைப் பலகை. டிடிஆர்3. அதிகபட்சம் 16 ஜிபி.

எல்ஜிஏ 1150 (நான்காம் தலைமுறை): எச்81 வகைப் பலகை. டிடிஆர்3. அதிகபட்சம் 16 ஜிபி.

எல்ஜிஏ 1151 (ஆறாம், ஏழாம் தலைமுறை): எச்110 வகைப் பலகை. பெரும்பாலும் டிடிஆர்4. அதிகபட்சம் 32 ஜிபி.

இந்தப் பட்டியலில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. எட்டாம், ஒன்பதாம் தலைமுறைச் செயலிகளுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151 என்றே இருக்கும். ஆனால் அவை எச்110 பலகையில் ஓடா. அடுத்து, எச்61 பலகைகள் இரண்டாம் தலைமுறைச் செயலியோடு வந்தவை. அதில் மூன்றாம் தலைமுறைச் செயலியைப் போட வேண்டுமானால் பலகையின் பயாஸ் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். எங்களுடையது இரண்டாம் தலைமுறை என்பதால் இந்தக் கவலை இல்லை.

கடையில் நடந்தது

தலைமையாசிரியரிடம் முன்பே எழுத்துமூலம் அனுமதி பெற்றேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் சொன்னோம். ஆசிரியர்கள் ஐந்து பேர் பங்கிட்டுப் பணம் தந்தார்கள். செலவு 3,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது உடன்பாடு.

தென்காசியில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். இம்முறை கையில் ஒரு தாள் இருந்தது. செயலியின் பெயர், சாக்கெட், பழைய ரேமின் ஒட்டுத்தாளில் இருந்த எழுத்துகள், பழைய பலகையின் நீள அகலம், வன்தட்டின் வகை, திரையின் இணைப்பு வகை எல்லாவற்றையும் மாணவர்களே எழுதித் தந்திருந்தார்கள்.

கடைக்கார அண்ணாச்சி தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "இப்படி எழுதிக்கிட்டு வாறவங்க கொறச்சல், டீச்சர். போர்டு வேணும்னுட்டு வெறுங்கையோட வருவாங்க. நாம எதைக் குடுக்க?"

மூன்று வழிகள் சொன்னார். ஒன்று, பயன்படுத்திய எச்61 பலகை, 1,600 ரூபாய். இரண்டு, அதே எச்61 வகையில் இப்போதும் புதிதாகச் செய்து விற்கப்படும் பலகை, 2,400 ரூபாய், ஓராண்டு உத்தரவாதம். மூன்று, எச்110 பலகை, அதற்குப் பயன்படுத்திய ஆறாம் தலைமுறைச் செயலி, டிடிஆர்4 ரேம் எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குப் பக்கத்தில். இவை அன்று எனக்குச் சொன்ன விலைகள். உங்கள் ஊரில், நீங்கள் கேட்கும் நாளில் மாறும்.

மூன்றாவது எங்களுக்கு எட்டாது. முதல் இரண்டுக்கும் இடையே 800 ரூபாய் வேறுபாடு. உத்தரவாதம் வேண்டுமா, அந்தப் பணத்தில் ரேம் வேண்டுமா? "அண்ணாச்சி, பழைய போர்டை நம்பி வாங்கலாமா?" என்று கேட்டேன்.

"நம்ப வேண்டாம், டீச்சர். பாத்து வாங்குங்க. இங்கயே மாட்டி ஓட்டிக் காட்டுறேன்" என்றார்.

பயன்படுத்திய பலகையில் அவர் காட்டிய சோதனைகளை அப்படியே தருகிறேன்:

சாக்கெட்டின் மூடியைத் திறந்து சாய்த்துப் பாருங்கள். எல்லாக் கம்பிகளும் ஒரே வரிசையாக மின்ன வேண்டும். ஒன்று வளைந்திருந்தாலும் வேண்டாம்.

கெப்பாசிட்டர் எனப்படும் சிறு உருளைகளின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ அந்தப் பலகை நெடுநாள் நிற்காது.

ஒரே ரேமை முதலில் ஒரு செருகுவாயிலும் பிறகு மற்றதிலும் போட்டு இரண்டு முறையும் இயக்கிப் பாருங்கள். எச்61 பலகையில் பெரும்பாலும் இரண்டு செருகுவாய்தான். ஒன்று பழுதென்றால் பாதிப் பலகை போனதாகப் பொருள்.

யுஎஸ்பி முனைகள், வன்தட்டு இணைப்புகள், திரை இணைப்பு, ஒலி, வலையிணைப்பு ஒவ்வொன்றையும் சோதியுங்கள்.

பலகையின் அளவு உங்கள் கேபினெட்டில் பொருந்துமா? மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பது அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம். நிறுவனமே முழுதாகக் கட்டி விற்ற கணினிகளில் சிலவற்றுக்கு எஸ்எம்பிஎஸ் இணைப்பும் திருகுத் துளைகளும் வேறு மாதிரி இருக்கும். அவற்றில் பொதுச்சந்தைப் பலகை உட்காராது. எஸ்எம்பிஎஸ் கம்பியில் 24 பின் கொண்ட பெரிய முனையும் செயலிக்கான 4 பின் முனையும் இருக்கின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

பின்புறத் தகட்டையும் மறவாமல் கேட்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் அந்த ஓட்டை வழியே எங்கள் ஊரில் பல்லியும் சாரலும் சேர்ந்து நுழையும்.

எல்லாச் சோதனையிலும் தேறியது. பில்லோடு, ஒரு மாதத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவதாகப் பில்லிலேயே எழுதி வாங்கினேன்.

ரேமின் ஒட்டுத்தாளைப் படிப்பது

அண்ணாச்சி ஒரு டப்பா நிறைய பழைய ரேம்களைக் கொட்டினார். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் கை நீட்டிய முதல் ரேமை எடுத்திருப்பேன். இப்போது படித்தேன். ஒட்டுத்தாளில் 'பிசி3-10600யு' என்பது போல ஒரு வரி இருக்கும். அதில் நான்கு செய்திகள் உள்ளன.

'பிசி3' என்றால் டிடிஆர்3. 'பிசி2' என்றால் டிடிஆர்2. 'பிசி4' என்றால் டிடிஆர்4. இவை ஒன்றுக்கொன்று மாறா. டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டிலும் 240 பின்கள்தான். ஆனால் அடியிலுள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருக்கும். அழுத்தித் திணித்தால் பலகை உடையும். டிடிஆர்4 ரேமில் 288 பின்கள். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்2 1.8 வோல்ட், டிடிஆர்3 1.5 வோல்ட், டிடிஆர்4 1.2 வோல்ட்.

மூன்றுக்குப் பின் ஆங்கில எழுத்து 'எல்' இருந்தால் 1.35 வோல்ட்டிலும் ஓடும் சிக்கன வகை. அது 1.5 வோல்ட் பலகையிலும் ஓடும். ஆனால் 1.35 வோல்ட்டுக்கென்றே செய்த பலகையில் 1.5 வோல்ட் ரேமைப் போடக் கூடாது.

அடுத்த எண் வேகம். இதை நான் கணக்குப் பாடமாகவே நடத்தினேன். ரேம் ஒரு நொடிக்கு 1333 மில்லியன் முறை தரவு தருகிறது. ஒவ்வொரு முறையும் 64 பிட், அதாவது 8 பைட். 1333 × 8 = 10,664. அதைச் சுருக்கி 10600 என்று அச்சிடுகிறார்கள். 1600 வேகத்துக்கு 1600 × 8 = 12,800. டிடிஆர்2 வகையில் 800 × 8 = 6,400. எங்கள் ஐ3-2100 செயலி 1333 வேகம் வரைதான் ஏற்கும். 1600 ரேம் போட்டாலும் 1333 வேகத்துக்கு இறங்கி ஓடும். கெடுதல் இல்லை. ஆனால் அதற்காகக் கூடுதல் பணம் தருவது வீண். இரண்டு வேக ரேம்களைச் சேர்த்துப் போட்டால் மெதுவானதன் வேகத்துக்கே இரண்டும் ஓடும்.

கடைசி எழுத்துதான் என் 900 ரூபாயை விழுங்கியது. 'யு' என்றால் சாதாரண மேசைக் கணினிக்கானது. 'எஸ்' என்றால் மடிக்கணினிக்கான குட்டை ரேம். 'ஆர்' என்றால் ரெஜிஸ்டர் உள்ள சர்வர் ரேம். நான் வாங்கியதில் 'ஆர்' இருந்தது. விற்பனைப் படத்திலும் அது தெளிவாகத் தெரிந்தது. நான்தான் படிக்கவில்லை.

ஜி41 போன்ற இன்னும் பழைய பலகை வைத்திருப்போர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே 4 ஜிபி ரேம் 16 சில்லுகளாலும் செய்யப்படும், 8 சில்லுகளாலும் செய்யப்படும். எட்டில் செய்தால் ஒவ்வொரு சில்லிலும் இருமடங்கு அடர்த்தி. பழைய பலகைக்கு அந்த அடர்த்தியான சில்லைப் படிக்கத் தெரியாது. ஆகவே அத்தகைய பலகைக்கு இரு பக்கமும் எட்டெட்டாக, 16 சில்லுகள் உள்ள 4 ஜிபி ரேமே பாதுகாப்பானது. சில்லுகளை எண்ணுங்கள் என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி கற்றுத் தந்தது இங்கும் உதவும்.

எவ்வளவு நினைவகம் போதும்?

பலகை 16 ஜிபி ஏற்கும் என்பதற்காக 16 ஜிபி வாங்க வேண்டியதில்லை. 32 பிட் இயங்குதளம் வைத்திருந்தால் முகவரிகளின் எண்ணிக்கை 2-இன் அடுக்கு 32. பெருக்கிப் பார்த்தால் 429,49,67,296 பைட், அதாவது 4 ஜிபி. விண்டோஸ் 32 பிட் பதிப்பில் அதிலும் சிறு பகுதி வேறு உறுப்புகளுக்குப் போய்விடும். எனவே 4 ஜிபிக்கு மேல் போடுவதென்றால் 64 பிட் இயங்குதளம் வேண்டும்.

இரண்டாம் தலைமுறைச் செயலி விண்டோஸ் 11-இன் தகுதிப் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆகவே 64 பிட் லினக்ஸ் நிறுவத் தீர்மானித்தோம். நம் மாநில அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் வந்த பாஸ் லினக்ஸ் பல ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். அதை உருவாக்கியது சி-டாக் நிறுவனம். தமிழ்த் தட்டச்சு, உலாவி, விரிதாள், ஸ்கிராட்ச் ஆகியவற்றுக்கு 4 ஜிபி போதும். உலாவியில் பல பக்கங்களைத் திறந்து காணொளியும் பார்க்க வேண்டும் என்றால் 8 ஜிபி வசதி.

8 ஜிபி ஒன்றா, 4 ஜிபி இரண்டா? இரண்டு செருகுவாய்களிலும் ஒரே அளவு ரேம் இருந்தால் செயலி இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தரவு எடுக்கும். பேரருவிக்குப் போக இரண்டு பாதை திறந்தது போல. எனவே 4 ஜிபி இரண்டு வாங்கினேன். பயன்படுத்தியவை, ஒன்று 500 ரூபாய். பழைய 2 ஜிபியை இரட்டைக் கணினிக்குத் தந்தோம். அதிலிருந்த 2 ஜிபியோடு சேர்ந்து அதுவும் 4 ஜிபி ஆனது. ஒரு செலவில் இரண்டு கணினிகள் தேறின.

பலகை 1,600, ரேம் 1,000, தெர்மல் பேஸ்ட் 50, சிஆர்2032 பட்டன் பேட்டரி 30. மொத்தம் 2,680 ரூபாய். உடன்பாட்டுக்குள் முடிந்தது. என் 900 ரூபாய் இதில் சேரவில்லை. அது என் கல்விக் கட்டணம்.

வகுப்பில் மாட்டியபோது

சாரல் இல்லாத ஒரு பிற்பகலில் மேசையைச் சுற்றி அனைவரையும் நிறுத்தினேன். எட்டிப் பார்த்தே பழகியவர்களை முன்னால் வரச் சொன்னேன். கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை இறக்கிய பிறகே பலகையைத் தொட வேண்டும் என்றேன். இயற்பியலில் படித்தது கையில் வந்தது. செயலியை அதன் ஓர முக்கோணக் குறி பார்த்து நான் வைத்தேன். ரேமை மாணவர்கள் செருகினார்கள்.

பொத்தானை அழுத்தினோம். திரை வந்தது. கைதட்டல் அடங்கும் முன் ஒரு மாணவன், "டீச்சர், 4 ஜிபின்னுதான் காட்டுது" என்றான். ஒரு ரேம் கணக்கில் வரவில்லை. கடையில் ஓடியதாயிற்றே! பதறாமல் மறுபடியும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். ஒரு ரேமின் ஓரக் கொக்கி முழுதாக மூடவில்லை. கழற்றி, பொன்னிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் துடைத்துவிட்டுச் செருகினோம். 'டக்' என்ற ஒலியோடு கொக்கி மூடியது. 8 ஜிபி வந்தது. பிறகு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டோம். பிழை ஒன்றும் இல்லை. கணினிகளைச் சன்னலிலிருந்து எதிர்ச்சுவருக்கு மாற்றினோம்.

நீங்களும் செய்து பார்க்க

ஒரு பாடவேளைக்கான செயல்பாடு: பழுதான ரேம்களைக் கடையில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே தருவார்கள். குழுவுக்கு ஒன்று கொடுங்கள். நீளத்தை அளக்கச் செய்யுங்கள். மேசைக் கணினி ரேம் ஏறத்தாழ 13.3 சென்டிமீட்டர் இருக்கும். மடிக்கணினி ரேம் அதில் பாதி. சில்லுகளை எண்ணி, ஒட்டுத்தாளைப் படித்து, எந்தக் கணினிக்கு உரியது என்று எழுதச் சொல்லுங்கள்.

மதிப்பீட்டு வினாக்கள்: பிசி3-8500 ரேமின் வேகம் எவ்வளவு? எல்ஜிஏ 1150 செயலி கையில் இருந்தால் எந்தப் பலகையைத் தேடுவாய்? ஒரு ரேமின் ஒரு பக்கம் ஒன்பது சில்லுகள் உள்ளன. இதை நம் பள்ளிக் கணினிக்கு வாங்கலாமா? காரணம் கூறு.

பதிவேடு: அரசு வழங்கிய கணினியாக இருந்தால் உத்தரவாதக் காலமும் பராமரிப்பு ஒப்பந்தமும் முடிந்துவிட்டனவா என்று பார்க்காமல் திறக்க வேண்டாம். நன்கொடைப் பொருளானாலும் மாற்றிய உறுப்புகளை இருப்புப் பதிவேட்டில் எழுதுங்கள். பழைய பலகையைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயம் போன்ற நச்சுப்பொருள்கள் இருக்கலாம். மின்னணுக் கழிவை முறையான மறுசுழற்சியாளரிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அதுவரை எங்கள் பழைய பலகை வகுப்பில் கற்பித்தல் உபகரணமாகத் தொங்குகிறது. உறுப்புகளின் பெயர்களை மாணவர்கள் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள்.

இப்போது மூன்று கணினிகளும் ஓடுகின்றன. இன்னும் ஒன்றுக்குப் பதினொருவர்தான். அதை 2,680 ரூபாய் மாற்றிவிடவில்லை. ஆனால் தட்டுவதற்கு முறை வைத்துக்கொண்டோம். அந்த முறைப் பட்டியலை எழுதிச் சுவரில் ஒட்டியவள், சில்லுகளை எண்ணிச் சொன்ன அந்த மாணவிதான். சென்ற வாரம் பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர், தம் பள்ளிக் கணினிக்கு ரேம் வாங்க வேண்டும் என்று என்னிடம் யோசனை கேட்க வந்தார். நான் வாய் திறப்பதற்குள் அவள் கேட்டாள்: "சார், உங்க கணினியில என்ன செயலி?"